யாருடைய கைக்கு? டாக்டர் இன்னாசிமுத்துவின் மடக்குக்கத்திகள்

டாக்டர் இன்னாசிமுத்து அவர்கள் காலமான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நம் மடக்குக்கத்திக் குழுவில் அவருடைய மகள், தந்தையின் எண்ணிலிருந்தே எழுதியிருந்தார்: "அப்பா இன்று விடியற்காலை இறைவனடி சேர்ந்தார். அடக்கம் மாலையில், சிங்காநல்லூர்." அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயாகிட்ட எலும்புப் பிடி போட்ட கத்தி ஒண்ணு இருந்துச்சுங்களே. அதெல்லாம் இனி யாருக்குங்க?"

அந்தக் கேள்விக்குச் சிலர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். கையில் அழுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் கழுவினேன்.

அஞ்சலி எழுதும்படி என்னைக் கேட்டதும் இதே குழுதான். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குப் புத்தகங்களை அடுக்கத் தெரியும்; எழுதத் தெரியுமா என்பது சந்தேகம். ஆகவே நடந்தவற்றை நடந்த வரிசையில் அடுக்கிவிடுகிறேன். சில இடங்களில் அஞ்சலிக்குரிய மென்மை இருக்காது. அதற்குக் காரணம் ஒரு கத்தி. டாக்டர் தம் மனைவி பிலோமினா அம்மாவுக்காகச் செய்த கத்தி அது. அவர் போன பிறகு அந்த அம்மா தம் வீட்டிலேயே தனியாக இருப்பதா, மகள் வீட்டுக்குப் போவதா என்பது அந்தக் கத்தியைப் பொறுத்ததாக ஆகிவிட்டது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் கால்நடை மருத்துவர். வெள்ளகோவில் பக்கம் நெடுங்காலம் அரசுப் பணியில் இருந்தார். ஓய்வுக்குப் பின் அவர் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு, மடக்குக்கத்திகளைப் பிரித்து மாற்றி அமைப்பது. அலகு, கத்தரி, திருப்புளி, டின் திறப்பான் எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கி இருக்குமே, அந்த வகைக் கத்திகள். அவற்றைப் பிரித்து, வேண்டாததை எடுத்துவிட்டு, வேண்டியதைச் சேர்த்து, புதுப் பிடி போட்டு, ஒருவர் கைக்கென்று ஆக்கித் தருவார்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில்தான் நான் அவரை முதலில் பார்த்தேன். பயணிகளிடம் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டவை என்று கடைக்காரர் சொன்ன ஒரு டின் நிறையக் கத்திகள். பலருடைய சட்டைப்பைப் பஞ்சு, பழச்சாறு, மூக்குப்பொடி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து காய்ந்து கருப்பு மெழுகாக மூட்டுகளில் ஒட்டியிருந்தது. ஒரு நகவெட்டியில் யாரோ வெட்டிய நகமே இருந்தது. பைண்டிங் வேலைக்குச் சின்னக் கத்தி ஒன்று தேடிப் போன எனக்குக் குமட்டியது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க. மாம்பழம். இந்தாளு கத்திய மாம்பழம் நறுக்கத்தான் வெச்சிருந்திருக்காரு."

நான் பின்வாங்கினேன்.

"அருவருப்பா இருக்குதுங்களா? மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கைய உட்டவனுங்க நானு. அழுக்குன்னா என்னன்னு தெரிஞ்சுக்கறதுதாங்க மொத வேல. அப்பறந்தான் கழுவறது."

அப்படித்தான் தொடங்கியது. அவருடைய கார் ஷெட்டில் எனக்கு ஒரு முக்காலி கிடைத்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் விலை உயர்ந்த புதுக் கத்தி வாங்கிப் பாழாக்கக் கூடாது என்பார். பழையது ஒன்றை எடுத்து, வெந்நீரும் சோப்பும் பல் துலக்கும் பிரஷும் வைத்துக்கொண்டு, மூட்டுக்கு மூட்டு பல்குச்சியால் சுரண்ட வேண்டும். அந்த நீர் கருக்கும்; நாறும். நான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு செய்தேன். பிறகு எண்ணெய் ஒரு சொட்டு. ஒவ்வொரு அலகையும் பலமுறை திறந்து மூடுவது. பிரிப்பது அதன்பின். கழற்றிய துண்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தேன். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணுன மாதிரியே அடுக்கிப்போட்டீங்க. ஆனா ஒண்ணு கேக்கோணும். இது யாரு கைக்கு?"

என் கைக்குத்தான் என்றேன்.

"உங்க கை என்ன வேல செய்யுதுங்க?"

காகிதம் வெட்டும், காப்பி டம்ளர் பிடிக்கும் என்றேன்.

"அப்பறம் இந்தத் தக்கைத் திருகு எதுக்குங்க? மோர் பாட்டிலத் தொறக்கவா?"

திருகை எடுத்துவிட்டோம். ஒரு மெல்லிய அலகு, ஒரு கத்தரி. சோமனூரிலிருந்து வாங்கி வந்த தறி நாடாக் கட்டையை அறுத்துப் பிடிக்கு இருபுறமும் தகடு போட்டார். ஊடை நூலைச் சுமந்து தறியில் ஓடித் தேய்ந்த கட்டை; இரும்பு மாதிரி இறுகியிருக்கும். உப்புத்தாளை என் கையில் கொடுத்துவிட்டு அவர் போய் உட்கார்ந்துகொண்டார். கோணலாகத்தான் தேய்த்தேன். திருத்த அவர் வரவில்லை.

குழு வளர்ந்தது பிறகுதான். பட்டறைக்காரர்கள், ஐ.டி.யில் வேலை செய்பவர்கள், வியாபாரிகள் என்று பலர் சேர்ந்தார்கள். மாதம் ஒருமுறை கூடுவோம். விரைவிலேயே எல்லோருக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது: சத்தம். அலகைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஸ்பிரிங் "டக்" என்று அறைய வேண்டும். காதருகே வைத்துக் கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். ஒரு பழம்கூட வெட்டாத கத்திகளைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒருநாள் கொய்யாப்பழம் வெட்டுவதற்கு யாரும் கத்தியைத் தரவில்லை, கறை பிடிக்குமாம். டாக்டர் பழத்தைக் கையாலேயே பிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். "கத்திக்காரங்க இத்தன பேரு இருந்து கொய்யாவப் பிச்சுத் திங்கறோமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

பிலோமினா அம்மாவுக்கு முடக்குவாதம் முற்றி விரல்கள் பக்கவாட்டில் வளைந்துவிட்டன. மாத்திரை அட்டை பிரிக்க முடியாது. பால் பாக்கெட் வெட்ட முடியாது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையாது. ஒவ்வொன்றுக்கும் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. "ஒருக்கா கூப்புட்டா சரி. நாளெல்லாங் கூப்புட்டா எனக்கே என்னப் புடிக்கலீங்க" என்று என் எதிரிலேயே ஒருநாள் சொன்னார்கள். அடுத்த வாரம் டாக்டர் அந்த அம்மாவின் கையில் கோதுமை மாவு உருண்டையை வைத்து அழுத்தச் சொல்லி, அந்த அச்சைப் பார்த்துப் பிடி செதுக்கத் தொடங்கினார்.

பார்ப்பதற்கு அது விகாரமான கத்தி. பிடி ஒருபுறம் புடைத்திருக்கும். ஸ்பிரிங் பட்டையை அரத்தால் ராவி ராவி, அலகு சத்தமே இல்லாமல் திறக்கும்படி தளர்த்தியிருந்தார். பிடியின் விளிம்பில் பிறை வடிவில் ஒரு வெட்டு; நகத்தால் இழுக்காமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகைப் பிடித்துத் தூக்குவதற்கு. நம் கூட்டத்தில் அவர் அதைக் காட்டியதே இல்லை. அது சமையலறையில் மாத்திரைப் பெட்டியின் மேல் கிடந்தது.

டாக்டரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் குழுவினர் துக்கம் கேட்கப் போனோம். முதலில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தோம். பிறகு யாரோ ஒருவர் மகளிடம், "அப்பாவோட கத்திகளைப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் மரியாதைக்காக மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். அவ்வளவுதான். மாலை போட்ட படத்துக்கு முன்னால், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது, டக், டக், டக் என்று திறந்து மூடத் தொடங்கினார்கள். ஒருவர் எலும்புப் பிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இன்னொருவர் போட்டோ எடுத்தார். எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். அந்த உக்கடத்து டின்னை இதைவிடச் சுத்தம் என்றே சொல்வேன்.

இரண்டொரு நாளில் பிலோமினா அம்மா போனில் கூப்பிட்டார்கள்.

"சார், எங்கத்தியக் காணலீங்க. உங்க ஆளுக யாராச்சும் பாத்தாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

"தேடிப் பார்த்தீர்களா அம்மா?"

"மூலமுடுக்கெல்லாம் பாத்தாச்சுங்க. பால் பாக்கெட்டப் பல்லுல கடிச்சுத் தொறக்கறேன், இந்த வயசுல. மக பாத்துப்போட்டா. பாக்கெட் பிரிக்க ஆள் வேணும்னா தனியா எப்டிம்மா இருப்பே, திருப்பூருக்குப் பொறப்புடுங்கறா. எனக்கு இந்த ஊட்ட உட்டுப் போக மனசில்லீங்க."

தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே குழுவில் படம் வந்தது. "ஐயாவின் கடைசிக் கத்தி, நம் கைவண்ணத்தில் மறுபிறவி." பிடி புதிதாக இருந்தாலும், அலகைப் பார்த்ததும் அது அம்மாவின் கத்திதான் என்று தெரிந்தது; கண்ணாடி போல மின்னியது. பாராட்டுகள் குவிந்திருந்தன. அனுப்பியவர் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் நண்பர். பெயரை எழுதவில்லை, இதை அவரும் படிப்பார்.

நான் யாரிடமும் போய் எதையும் கேட்டுப் பழகாதவன். பட்டறை வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் மகிழ்ச்சியோடு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார்.

"அன்னிக்குச் சமையக்கட்டுல தண்ணி குடிக்கப் போனனுங்க. மாத்திரப் பொட்டி மேல இது கெடந்துச்சு. ஸ்பிரிங் செத்துப்போச்சு. ஐயா கடேசில கை நடுங்கிச் செஞ்சிருக்காருன்னு கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. பழைய பிடில ரம்பம் வழுக்கி இத்தாம்பெரிய வெட்டு இருந்துச்சுங்க. அவரு பேரு கெடக் கூடாதுன்னு எல்லாத்தையும் சரிபண்ணிப்போட்டேன். சத்தத்தக் கேளுங்க."

டக்.

"அது வழுக்கின வெட்டு இல்லைங்க" என்றேன். "அம்மாவின் விரலுக்கு வைத்த வெட்டு. ஸ்பிரிங்கும் அவர்களுக்காகத் தளர்த்தியதுதான்."

"அம்மாளுக்கு எதுக்குங்க கத்தி? நல்ல கத்தரிக்கோலா ஒண்ணு வாங்கிக் குடுத்தாப் போச்சு. இத ஐயா நெனவா கூட்டத்துல வெக்கலாம்னு இருந்தனுங்க."

அவர் கெட்ட மனிதர் அல்லர். உண்மையிலேயே டாக்டரை மதித்தவர். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. ஒரு கிழவியின் கையை அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை. கத்தியை மட்டும் பார்த்திருக்கிறார். டீயில் ஆடை படிந்துவிட்டது, குடிக்க முடியவில்லை. கத்தியையும், குப்பைத் தட்டில் கிடந்த பழைய ஸ்பிரிங் பட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய பிடிக் கட்டைகளை எரித்துவிட்டார்களாம். எண்ணெய் குடித்துக் கருத்த கட்டை என்பதால்.

டாக்டர் இல்லாமல் நான் முழுதாகச் செய்த முதல் கத்தி அதுதான். நன்றாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பழைய பட்டையைத் திரும்பப் பூட்டினேன். நாடாக் கட்டை ஒன்றை அறுத்தேன். முதல் ஜோடி பிளந்துபோயிற்று. அடுத்த ஜோடியோடு அந்த அம்மாவின் சமையலறைக்கே அரத்தையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு போனேன். மகளும் இருந்தார். ஒரு பெட்டி கட்டி முடித்துக் கதவோரம் வைக்கப்பட்டிருந்தது.

பிலோமினா அம்மா கத்தியை வாங்கிப் பார்த்தார்கள். அலகு விரலில் சிக்கவில்லை.

"இன்னுங் கொஞ்சமுங்க. இந்தப் பக்கம்."

ராவினேன். மறுபடி கொடுத்தேன். வழுக்கியது.

"அம்மா, விடும்மா" என்றார் மகள்.

"நீ சும்மா இரு கண்ணு. சார், அடியில கொஞ்சம் ஆழமா வெட்டோணும். அவரு அப்டித்தான் வெச்சிருந்தாரு."

வெட்டினேன். பிறை பிறையாக வரவில்லை. எலி கடித்தது போல இருந்தது. இந்தமுறை விரல் இரண்டும் உள்ளே போய் அலகைப் பற்றின. சத்தமில்லாமல் திறந்தது. அந்த அம்மா எழுந்து, ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துப் பாத்திரத்தில் நிறுத்தி, மூலையில் ஒரே கீறாகக் கீறினார்கள். கொஞ்சம் மேடையில் சிந்தியது.

"கட்டை சொரசொரங்குது. பரவால்லீங்க, வழுக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்கள். மகள் கதவோரம் இருந்த பெட்டியைத் தூக்கி உள்ளறையில் கொண்டுபோய் வைத்தார்.

குழுவில் அந்தக் கத்தியின் புதிய படத்தைக் கேட்கிறார்கள். படம் எடுக்கவில்லை. அதில் பால் வழிந்துகொண்டிருந்தது.

டாக்டர் அவர்களே, நீங்கள் செய்தது போல அது இல்லை. நீங்கள் பார்த்தால் திருத்தாமல் சிரித்திருப்பீர்கள். அம்மா இன்று காலையும் தாமாகவே மாத்திரை பிரித்துப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அவ்வளவுதான். போய் வாருங்கள்.