எங்கள் கல்யாணத்தின் அமெரிக்கப் பதிப்பு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் இருந்த வீட்டுக் கதவில் கடிதம் போடுவதற்கு ஒரு துவாரம் இருந்தது. காலையில் அதன் மூடி டக்கென்று அடித்தால் போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொள்வேன். என்னை அகதியாக ஏற்று விசா தந்துவிட்டார்கள். மனைவி யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தாள். அவளை அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். ஊரில் இந்திய இராணுவம் சண்டையைத் தொடங்கியபின், வானொலியில் செய்தி என்றாலே எழும்பி வெளியே போய்விடுவேன்.

பகலில் டெனிஷ் படிக்கப் போவேன். ஒருநாள் ஆசிரியை வகுப்புக்கு இரண்டு வீடியோக் கசற்றுகளைக் கொண்டுவந்தார். ஒன்று இங்கிலாந்தில் எடுத்த நகைச்சுவைத் தொடர். மற்றது அதே தொடரை வாங்கி அமெரிக்காவில் திரும்ப எடுத்தது. கீழே டெனிஷில் எழுத்து ஓடும். அதை வாசித்துப் பழகுவதுதான் பாடம்.

இங்கிலாந்துக் கணவனும் மனைவியும் ஒடுக்கமான வீட்டில், சோபாவின் இரண்டு முனைகளில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் நக்கலடித்தார்கள். கடைசியில் அவன் எழும்பிப் போய் அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தான். அவ்வளவுதான். அமெரிக்காவில் வீடு பெரிது, பற்கள் வெள்ளை, சண்டை அதே சண்டை. ஆனால் கடைசியில் கட்டிப்பிடித்து, "உன்னை நேசிக்கிறேன்" என்றார்கள். பின்னணியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் "ஆஆ" என்று உருகியது.

"எந்தச் சோடிக்கு அன்பு கூட?" என்று ஆசிரியை கேட்டார். தேநீர் ஊற்றியவனுக்குத்தான் என்று தமிழர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் சிரித்தார். "வாயால் சொல்லாவிட்டால் தங்கள் சனம் நம்பாது என்று அமெரிக்கர்களுக்குப் பயம். அதனால்தான் மாற்றினார்கள்" என்றார்.

அந்தப் பயம் அப்படியே எனக்குத் தொற்றிவிட்டது. ஏனென்றால் எங்கள் கல்யாணம் உண்மையானதுதானா என்று அடுத்த கிழமை என்னைப் பொலிஸில் விசாரிக்க இருந்தார்கள்.

எங்களுடையது சாதகம் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். அதற்கு முன் அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். தாயோடு கோயிலுக்கு வந்திருந்தாள். நான் வீதியின் மறுபக்கம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஓமென்றேன். கட்டிய பிறகு அவளில்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத ஆளாகிப் போனேன் என்பது வேறு கதை. ஆனால் அதை எந்த அதிகாரி நம்புவான்?

என்னோடு அந்த வீட்டில் இருந்த அண்ணை ஒருவருக்கும் அதே யோசனைதான். "தம்பி, அப்பாமார் பேசிச் செய்தது எண்டு அங்கை போய்ச் சொல்லிப்போடாதை. கட்டாயக் கல்யாணம் எண்டு எழுதிப்போடுவாங்கள். லவ் எண்டு சொல்லு."

பொலிஸ் நிலையத்தில் அதிகாரி எங்கள் கல்யாணப் படத்தை மேசையில் வைத்தார். இருவரும் விறைத்துப்போய் நிற்கிறோம். மணப்பெண் பல்லைக் காட்டினால் ஊர் என்ன சொல்லும் என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? "ஏன் இருவரும் சிரிக்கவில்லை? எப்படிச் சந்தித்தீர்கள்?" மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் அமெரிக்கப் பதிப்பு என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. பஸ் ஸ்ராண்டில் கண்டேன், மழை பெய்தது, குடைக்குள் அழைத்தேன், காதலித்தோம். எங்கள் வாழ்க்கையில் குடையே இருந்ததில்லை.

சில கிழமைகள் கழித்து மனைவி கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசினாள். அங்கே டென்மார்க்கின் துணைத் தூதரகத்தில் அவளையும் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள்.

"எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டன், நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றாள். "பேசிச் செய்த கல்யாணத்தை வெள்ளைக்காரர் நம்பமாட்டினமாம். லொட்ஜிலை நிண்ட ஒரு அக்கா சொன்னவ. அதாலை ரியூசனிலை படிக்கேக்கை விரும்பினது எண்டு சொன்னன்."

"நான் பஸ் ஸ்ராண்ட் எண்டெல்லே சொன்னனான்!" என்று கத்துவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அவள் யாழ்ப்பாணத்துச் சண்டைக்குள் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு நான் பட்ட பயம் இருக்கிறதே! இரண்டு கதைகளையும் யாரோ ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகவே எப்போதும் மனதில் ஓடும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பெட்டி அடுக்கும்போது அந்த ஆளோடு வாதாடுவேன். ஊரில் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டால், நாங்கள் சொன்ன இரண்டு பொய்களும்தான் அவளை அங்கே பிடித்து வைத்திருக்கின்றன என்று என்னையே திட்டிக்கொள்வேன். கதவுத் துவாரம் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. விளம்பரத் தாள்கள்தான் விழுந்தன. இப்படியே வருடங்கள் போயின.

பிறகுதான் தொலைக்காட்சிச் செய்தியில் சொன்னார்கள். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நீதி அமைச்சரே நிறுத்தி வைத்திருந்தாராம். அண்ணை எனக்காகப் பாய்ந்து பாய்ந்து சந்தோசப்பட்டார். நான் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தேன். பஸ் ஸ்ராண்டும் ரியூசனும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. கோயில் வீதியைச் சொல்லியிருந்தாலும் இதே கதிதான்.

அவள் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே என் பஸ் ஸ்ராண்டையும் குடையையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். முதல் கிழமையே அந்த அமெரிக்கத் தொடர் தொலைக்காட்சியில் போனது. சோபாவின் மறுமுனையில் இருந்து பார்த்தவள் கேட்டாள்: "இவை என்ன, நாளைக்குச் சாகப்போற ஆக்கள் மாதிரிக் கட்டிப்பிடிக்கினம்?" பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். "எதுக்கும் இனி இரண்டு பேரும் ஒண்டையே சொல்லுவம். உங்கடை பஸ் ஸ்ராண்ட் நல்லாயிருக்கு."

இங்கே பிறந்த எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்று கேட்டுவரச் சொன்னார்கள். அப்போது எங்களுக்குக் குடியுரிமைகூடக் கிடைத்திருந்தது. மகள் டெனிஷில்தான் கேட்டாள். அதிகாரி கேட்ட அதே சொற்கள். கோயில் வீதியைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். குசினிக்குள் நின்றவளின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"பஸ் ஸ்ராண்டிலை" என்றாள் அவசரமாக. "மழை பெய்தது. அப்பாட்டைக் குடை இருந்தது."