அம்மாளிடம் போன பூச்சிகள்

அப்பாவுக்குத் தேனீயைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது கொட்டும் என்பது மட்டும்தான். அப்படிப்பட்டவர் கட்டாரிலிருந்து லீவில் வந்த இடத்தில் ஏதோ விவசாயப் பயிற்சிக்குப் போய், இரண்டு தேனீப் பெட்டிகளோடு திரும்பி வந்தார். பெட்டிகளை இறக்கும்போதே அம்மாவிடம் சொன்னார்: "இது சரிவந்தா நான் திரும்பிப் போகமாட்டன் கா. ரெண்டு நாலாகும், நாலு பத்தாகும்."

எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சொல்லை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். பூச்சி இருந்தால் அப்பா இருப்பார். பூச்சி போனால் அப்பாவும் போவார்.

பெட்டிகள் பின்வளவில் முருங்கை மரத்தடியில் நின்றன. எறும்பு ஏறாமலிருக்க, அவற்றின் கால்களைத் தண்ணீர் நிறைந்த தேங்காய்ச் சிரட்டைகளில் வைத்திருந்தோம். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கோழிகளுக்கென்று சட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் அவற்றுக்கு இந்தச் சிரட்டைத் தண்ணீரில்தான் ருசி. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே, சிரட்டை வற்றியிருக்குமோ என்ற நினைப்புத்தான். மணி அடித்ததும் ஓடிவந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் பின்வளவுக்குப் போவேன்.

ஒருநாள் காலையில் முதல் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. அன்றிலிருந்து அப்பா மாறிப்போனார். கிழமைக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்பா மற்றப் பெட்டியைக் காலையில் திறந்தார், மாலையிலும் திறந்தார். தலையில் பழைய நுளம்புவலைத் துண்டைப் போட்டு, கையில் தேங்காய்ப் பொச்சுமட்டையைப் புகையவிட்டுக்கொண்டு, "ராணி இரிக்காளோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று கிளம்பிவிடுவார்.

"பானையத் திறந்து திறந்து பாத்தா சோறு வேகுமா?" என்று அம்மா ஏசுவார். ஏசிவிட்டு, அவர் திரும்பி வந்ததும், "இரிக்காளா?" என்று தானே கேட்பார்.

இருக்கிறாள் என்று அப்பா சொல்லும்வரை நானும் மூச்சு விடமாட்டேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, ராணி இருந்தாள். ஆனால் எங்களோடு இருக்க அவளுக்கு மனமில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பூச்சிகள் பெட்டி வாசலால் கொட்டுண்டு வந்து, மரத்துக்கு மேலே இரைந்தன. அப்பா வாளித் தண்ணீரை வீசினார். அம்மா அகப்பையால் சட்டியில் தட்டினார். சத்தம் கேட்டால் இறங்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம். இறங்கவில்லை. வேலியைத் தாண்டிப் போயின. அப்பா வயல்வட்டை வரம்பால் ஓட, நான் அழுதுகொண்டு பின்னால் ஓடினேன். வாவிக்கரையில் இருக்கும் எங்கள் கண்ணகி அம்மன் கோயிலைப் பூச்சிகள் வலம் வருவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி, கதவுக்கு மேலிருந்த வெடிப்பால் உள்ளே போய்விட்டன.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தூரம் போகவில்லையே! அப்பா மட்டும் கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அந்தக் கதவு வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். சடங்கு முடிந்து பூட்டினால் அடுத்த வைகாசி வரை யாரும் தொடமாட்டார்கள். அப்பாவின் கட்டார் விசாவோ சித்திரையோடு முடிகிறது; போவதென்றால் அதற்குள் போகவேண்டும்.

கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் அம்மாவுக்குப் பெரியப்பா முறை. அப்பா அவருடைய முற்றத்தில் நின்று, ஒரேயொரு தரம் திறந்தால் போதும் என்று கெஞ்சினார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"நாள் வராம அம்மாள எழுப்பேலா, மருமகன்," என்றார் அவர். "நீங்க ஏன் பயப்பிடுறீங்க? அம்மாளிட்டப் போனது எங்கயும் போகாது."

அப்பா வெறும் பெட்டியைத் தோளில் சுமந்துபோய்க் கோயில் வாசலில் வைத்தார். பூச்சிகளை இழுக்க உள்ளே சீனிப்பாணி வைத்தார். ஒவ்வொரு நாளும் அதன் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டிருந்தார். பூச்சிகள் அவருடைய தலைக்கு மேலால் பூக்களுக்குப் போய் வந்தன. பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து நேர்த்தி வைத்தேன்: ராணியை வெளியே விட்டால் அம்மாளுக்கு என் வெள்ளிக் கொலுசு. அம்மாள் கொலுசுக்கு ஆசைப்படவில்லை.

வருசப் பிறப்புக்கு எடுத்த புதுச் சேர்ட்டோடு அப்பா விமானம் ஏறினார்.

வைகாசியில் கதவு திறந்தது. உள்ளே கூரை வளையில் சுளகு அகலத்துக்குத் தேன்வதைகள் வரிசையாகத் தொங்கின. கட்டாடியார் பூச்சிகளுக்கென்று கொஞ்சம் விட்டு மற்றதை வெட்டுவித்து, அம்மாளுக்குப் படைத்து, மீதியைப் போத்தலில் ஊற்றி எங்களிடம் தந்தார். "பூச்சி உங்கட. தேனும் உங்களுக்குத்தான்."

அன்று பின்னேரம் அப்பா வீடியோவில் வந்தார். நான் அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்து, போத்தலைத் திரைக்கு முன்னால் ஆட்டினேன். "அப்பா, பூச்சி ஒண்டும் போகல்ல! எல்லாம் இஞ்சதான் இரிக்கு. ராணியும் இரிக்காள்!"

"ஓம் மகள்," என்று சிரித்தார். "நல்லா இனிக்குதா?"

அதற்குப் பிறகு திரையில் அவருடைய முகம் இல்லை. அவருடைய அறை முகட்டில் சுற்றும் மின்விசிறி மட்டும் வெகுநேரம் தெரிந்தது.

அங்கே சிக்னல் சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓம் என்றார். தேனை விரலில் தொட்டு அவருடைய வாய்க்கு நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சடங்குக்கு விரதம் பிடிக்கிறார் என்று நினைத்து, அவருடைய பங்கையும் நானே நக்கி முடித்தேன்.