உப்புக்குத் தப்பின ஒண்டு

சல்லிக் கடற்கரையில பாக்கியரத்தினத்தின்ர கருவாட்டில புழு கண்டதா ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லிப்போட்டு அந்தக் கடற்கரையில நடமாடவும் ஏலாது; மனிசியின்ர வாய் அப்பிடி. மீனைக் கீறி, கை கூசாமல் உப்பை அள்ளி அடைஞ்சு, காயப்போடுற பரணில விரிச்சுப்போட்டு, வெயில் சாயுமட்டும் ஓலையால இலையான் கலைச்சுக்கொண்டு நிப்பா. இலையான் குந்தினால் முட்டை, முட்டை போட்டால் புழு, புழு கண்டால் பேர் நாறிப்போகும். அவவின்ர வேதம் அவ்வளவுதான்.

புருசன் இராசையாவுக்குச் சீனி வருத்தம். காலில மட்டி ஓடு வெட்டினது. உணர்ச்சி செத்த கால் எண்டபடியால் மனிசன் கவனிக்கேல்லை. பாதம் கறுத்து, நாத்தமெடுத்த பிறகுதான் ஆசுப்பத்திரிக்குப் போனவை. ஊசி மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தினம். ஒண்டுக்கும் அடங்காத கிருமியாம். முழங்காலுக்குக் கீழ எடுக்கவேணும் எண்டு சொன்னதுதான் தாமதம், காலில்லாமல் தோணியில ஏற ஏலுமே எண்டு இராசையா சொல்வழி கேளாமல் ஆசுப்பத்திரியில துண்டு வெட்டிக்கொண்டு வீட்டை வந்திட்டார்.

வந்தவர் கட்டு மாத்தவும் விடேல்லை. நாளைக்கு, நாளைக்கு எண்டு சொல்லிக்கொண்டு, பரணுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக் காகம் கலைச்சுக்கொண்டிருந்தார். பாக்கியம் அழுது, ஏசி, பட்டினி கிடந்து ஒருமாதிரி மனிசனைச் சம்மதிக்க வச்சா.

கால் எடுக்கப் போற அண்டு விடிய, ஊத்தைக் கட்டோட போனால் நேர்ஸ்மார் ஏசுவினம் எண்டு கட்டை அவிட்டா. ஐயோ மாரியம்மா! புண் முழுக்கப் புழு. வெள்ளை வெளேரெண்டு, சோறு கொதிக்கிற மாதிரி. கருவாட்டில புழு விடாதவள் கட்டின புருசனில விட்டாளாம் எண்டு ஊர் சிரிக்கப்போகுதே! வேற யோசனை ஓடேல்லை. கை தன்ர பாட்டில உப்புச் சாக்குக்குப் போச்சு. மீனுக்கு அடையிற மாதிரியே அள்ளி அடைஞ்சா. துடிச்சு விழுந்ததையெல்லாம் கூட்டி மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டு, வெள்ளைத் துணி சுத்தி, மனிசனை ஓட்டோவில ஏத்தினா. இதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது எண்டும் சொல்லிவச்சா.

வாட்டில டொக்டர் மின்ஹா கட்டைப் பிரிச்சவ, அப்பிடியே நிண்டா. அழுகிக் கிடந்த பாதம் செக்கச்செவேலெண்டு புதுச் சதை பிடிச்சுக் கிடக்குது. நாத்தமும் இல்லை. பிறகு சின்ன விரலுக்கு அடியில கிடுக்கியை விட்டு ஒண்டை எடுத்தா. அது உயிரோட நெளிஞ்சுது. பாக்கியத்துக்கு நிலம் பிளந்தால் உள்ள போயிடலாம்போல இருந்துது.

“மற்றதெல்லாம் எங்கயம்மா?” எண்டு டொக்டர் கேட்டா.

“உப்புப் போட்டுச் சாக்காட்டிப்போட்டன்.”

ஏச்சு விழப்போகுது எண்டு தலையைக் குனிஞ்சா. விழேல்லை. இந்தச் சாதிப் புழு செத்த சதையைத்தான் தின்னும் எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினா. அது தின்னேக்க விடுற எச்சிலில கிருமியைக் கொல்லுற சரக்கு இருக்காம். ஊசிக்கு அடங்காததுகூடச் சிலவேளை அதுக்கு அடங்குமாம். சில நாடுகளில துப்பரவா வளத்துப் புண்ணில விடுகினமாம். ஆனால் கண்ட இலையானையும் நம்ப ஏலாது, உயிருள்ள சதையைத் தின்னுற சாதியும் இருக்கு, உங்களுக்கு நல்ல காலம் எண்டும் சொன்னா. பாக்கியம் பேயறைஞ்ச மாதிரி அந்த ஒற்றைப் புழுவையே பாத்துக்கொண்டு நிண்டா.

பெரிய டொக்டரும் வந்து பாத்தார். கால் எடுக்கத் தேவையில்லையாம். பாக்கியம் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. அப்பதான் மின்ஹா சின்ன விரலைத் தொட்டுக் காட்டினா.

“இதை மட்டும் எடுக்கத்தான் வேணும். இதுக்குள்ள இன்னும் அழுகல் கிடக்கு; புழுக்கள் இப்பதான் இதைத் துப்பரவாக்க இறங்கத் தொடங்கியிருக்கு.”

விரலை எடுத்து, புண் காய்ஞ்சு, இராசையா நுளம்பு வலைக்குள்ள காலை நீட்டிக்கொண்டு வீட்டில இருக்கிறார். பாக்கியத்துக்குச் சோறு இறங்கேல்லை.

“அந்த விரல் என்ர கையாலதான் போனது” எண்டு ஒருநாள் சொல்லியே விட்டா.

“விசர்க்கதை கதையாதை. மிச்சம் நாலு விரல் கிடக்குத்தானே.”

“அது மிஞ்சினது என்ர கையால இல்லையப்பா.”

வலையில ஒரு இலையான் குந்தியிருந்துது. பாக்கியம் ஓலையை எடுத்து அதைக் கலைச்சா, அடிக்கேல்லை. பிறகு எழும்பிப் போய் மீனுக்கு உப்பு அடைஞ்சா. கை கூசி, பாதி மணலில கொட்டுப்பட்டுது.