ராம் நானூறு காட்டியே ஆகணும்!

பீப்...

புதிதாகக் கட்டிய மெஷினை ஆன் செய்ததும் ஒரே ஒரு பீப். அது கேட்டால்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வரும்.

தம்பானூரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற கடை. நாகர்கோவிலிலிருந்து எல்லை தாண்டி வந்து நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. ராம் என்கிற மெமரி பட்டையை ஸ்லாட்டில் அமுக்கி அமுக்கியே கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. பொம்பளைப் பிள்ளை ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதை வேடிக்கை பார்க்கவே சிலர் மாடியேறி வருவார்கள். வரட்டுமே, எனக்கென்ன? அந்தக் கடையில் என்னைவிட வேகமாக மெஷின் கட்டிய ஆள் கிடையாது.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினை ஆன் செய்ததும் வரும் கறுப்புத் திரையை ஒரு கீ அடித்து அப்படியே நிறுத்துவோம். வாங்குகிறவர் ராமின் வேகத்தைத் தானே படித்து 'சரி' சொன்ன பிறகுதான் கேபினெட்டை மூடுவோம்.

அப்படித்தான் தங்கராஜ் அண்ணனும் படித்தார். விழிஞ்ஞத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்.

"நானூறு ராம்னுதானே சொன்னிய? இதுல முன்னூத்தி முப்பத்திமூணுல்லா காட்டுது? எனக்கிட்டயே பற்றிக்கப் பாக்கியளா?"

ஏமாற்று ஒன்றும் இல்லை. ப்ராசஸருக்குத் தகவல் போய்வரும் பாதைக்கு பஸ் என்று பெயர்; அதன் வேகம் முன்னூற்று முப்பத்து மூன்று. மதர்போர்டு தானாகவே ராமையும் அதே வேகத்துக்கு இறக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். பயாஸ் செட்டிங்கில் ராமுக்கு மட்டும் தனியாக வேகம் வைக்க வழி இருந்தது. அதை யார் தேடினார்கள்? நான் பஸ் வேகத்தையே நானூறுக்கு ஏற்றிவிட்டேன்.

ராம் நானூறு காட்டியது. கூடவே ஆயிரத்து எண்ணூறில் ஓடவேண்டிய ப்ராசஸரும் இரண்டாயிரத்து இருநூறு காட்டியது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்! எனக்கோ தலைகால் புரியவில்லை...

மூன்றாம் நாள் காலையில் போன்.

"மோளே, பாதி எடிட்ல மெஷினு நின்னு போவுது. மூணு தடவ ஆச்சு. கல்யாண மாப்ள நாளைக்கு கப்பல்ல வேலைக்கு ஜாயின் பண்ணணும். கல்யாண சிடி இல்லாம எப்பிடி அனுப்புவேன்? போனா வருசம் கழிச்சுல்லா வருவான்!"

கடை முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கரண்டு பிரச்னைன்னு பறஞ்சிட்டு வா. அவனுக்கு என்ன அறியும்?"

விழிஞ்ஞம் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே, நான் ஏற்றிவிட்ட வேகம்தான் காரணம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே போய்க் கேபினெட்டைத் திறந்தால்... ப்ராசஸர் மேல் சூட்டை இழுக்க வைத்திருந்த ஹீட்சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. அப்படிக் கொதித்தது. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கரண்டு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கப் போயிருப்பார். மாப்பிள்ளை வெறுங்கையோடு கப்பல் ஏறியிருப்பார்.

"அண்ணே, கரண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பண்ணின தப்பு. ராமுக்காக ப்ராசஸரையும் சேத்து விரட்டிட்டேன்."

அண்ணன் குனிந்து திறந்த கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீதான் பண்ணினியா?"

"ஆமாண்ணே."

"அப்ப நீயே செரியாக்கு மோளே. வேற ஆளு இதத் தொடண்டாம்."

பஸ் வேகத்தைப் பழைய இடத்துக்கே இறக்கினேன். பஸ்ஸுக்கும் ராமுக்குமான விகிதத்தை 'ஆட்டோ' செட்டிங்கிலிருந்து எடுத்து ஐந்துக்கு ஆறு என்று வைத்தேன். ராம் நானூறு. ப்ராசஸர் ஆயிரத்து எண்ணூறு. இரண்டே இரண்டு வரி வேலை!

"ஸ்பீடு கொறஞ்சு போச்சே..."

"கொறயலண்ணே. அதுக்க சொந்த ஸ்பீடே இதுதான்."

அன்று மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. சாயங்காலம் ரைட்டரிலிருந்து சூடாக வந்த சிடியை அண்ணன் சட்டையில் துடைத்து உறையில் போட்டார். மாப்பிள்ளையோடு அதுவும் கப்பல் ஏறியது. அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு போன் செய்தால் அவர் முதலில் கேட்பது, "அந்தப் பிள்ள உண்டா?"

இப்போது கழக்கூட்டத்தில், ஏசி ஆபீஸில், சிஸ்டம் சப்போர்ட் டீமுக்கு நான்தான் லீட். இன்றைக்கு ராமின் முழு வேகத்துக்கு ஒரே ஒரு கிளிக். ப்ராசஸரைத் தொடவே வேண்டாம். எல்லாம் சுலபமாகிவிட்டது, சந்தோஷம்தான்.

போன வாரம் ஒரு செட்டிங்கை நானே மாற்றிவைத்து, ஒரு மெஷின் படுத்துவிட்டது. சரிசெய்துவிட்டு, புகார் டிக்கெட்டில் காரணம் என்ற இடத்தில், எங்கள் ஆபீஸில் யாருமே எழுதாத 'என் தப்பு' என்பதை எழுதி அனுப்பினேன்.

ஐந்தே நிமிடத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னம்மா... வேலைய விடுற ஐடியா எதுவும் இருக்கா?"