முஸ்டாங்கின் பின்னச்சு

கஸ்தோனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தே சாப்பிட்டு முடிப்பான். அப்பா காரைக்காலிலிருந்து வந்து, சைகோனில் பிரெஞ்சுக்காரர்களின் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அம்மா மீத்தோ ஊர் வியட்நாம்காரி. பதினான்கு வயதில் ஒரு பிரெஞ்சுக் கார் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றான். கம்யூனிஸ்டுகள் கைக்கு ஆட்சி மாறிய மறு ஆண்டு தம்பி குடும்பத்தோடு பிரான்சின் மார்செய்க்கு விமானம் ஏறினான். கஸ்தோனிடமும் அதற்கான காகிதங்கள் இருந்தன. அவன் போகவில்லை.

"ஏழைங்க அரசாங்கம்னு சொல்றாங்க. நெசந்தானான்னு கூட இருந்து பாக்க வேணாமா?" என்றான்.

ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததில் பாதிக்கு அவன் ரத்தம் கொதித்தது. இப்போது கொதித்துக்கொண்டிருந்தது டிரைவர் ஷம்சுல் ஆலத்துக்காக.

கஸ்தோன் தலைமை மெக்கானிக்காக இருந்த அரசு வாகனப் பட்டறையில் வெள்ளை முஸ்டாங் கார் ஒன்று இருந்தது. அறுபத்தாறாம் வருடத்து மாடல், எட்டு சிலிண்டர் எஞ்சின், யாரோ பணக்காரன் விட்டுவிட்டு ஓடியது. பழைய சைகோனைப் பற்றிய உளவுப் படம் ஒன்றுக்காக அதைத் தயார் செய்தார்கள். ஓட்டியவன் ஆலம். படப்பிடிப்பில் அவன் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காரின் பின்புறம் குதித்தது. பின்னச்சு முறிந்து ஒரு சக்கரம் கழன்றது. வண்டி திரும்பிப் பாய்ந்ததில் கேமராக்காரனுக்குக் கால் எலும்பு முறிந்தது. அரும்பாடுபட்டு வெளிநாட்டிலிருந்து வாங்கிய கேமரா தூள் தூளானது.

பின்னச்சை லீஃப் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டிப்போடுபவை நான்கு யூ போல்ட்டுகள். பக்கத்துக்கு இரண்டு போல்ட்டு, நான்கு நட்டு. இடது பக்கத்தில் ஒரு நட்டுகூட இல்லை என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். முந்தின நாள் வண்டி யாரிடம் இருந்தது? ஆலத்திடம். அவன் தம்பி படகேறி நாட்டை விட்டே ஓடியவனா? ஆமாம். அப்படியானால் இவன்தான் நட்டைக் கழற்றிய நாசகாரன். மூன்று வாரமாக ஆலம் காவலில் இருந்தான். சனிக்கிழமை விசாரணைக் குழு கூடுகிறது. நாசவேலை என்று முடிவானால் எத்தனை வருடம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

படம் நின்றுபோகக் கூடாதே என்று, அந்தச் சனிக்கிழமைக்குள் காருக்கு வலுவான பின்னச்சு மாட்டும்படி கஸ்தோனுக்கு உத்தரவு வந்தது. டான் சோன் நாட் விமான நிலையத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கில், அமெரிக்கர்கள் விட்டுப்போன பிக்கப் லாரியின் அச்சு கிடைத்தது. பெரிய கிரவுன் வீல் பல்சக்கரம், கட்டை விரலைவிடத் தடித்த ஷாஃப்ட். ஆனால் காருக்கு நான்கு விரற்கடை அகலம் கூடுதல். இரண்டு பக்கமும் குழாயை அறுத்து, குறுக்கி, வெல்டிங் வைக்க வேண்டும். ஷாஃப்டுகளை வெட்டி நுனியில் மறுபடி பல் போட வேண்டும். ஸ்பிரிங் உட்காரும் மேடைகளைச் செதுக்கி இடம் மாற்ற வேண்டும்.

ஆலத்தின் மனைவி ஜுலைகா தினமும் மதியம் வந்தாள். டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் குடியிருப்பவள். சொந்த அண்ணனை அழைப்பதுபோல அவனை நானா என்றே அழைப்பாள்.

"நானா, மேனேஜர் வூட்டு அம்மா சொல்லுது, விட்டுட்டு ஓடுன பழைய முதலாளி செத்துப் பேயா அந்தக் காருக்குள்ள குந்தியிருக்கானாம்."

"பேய்க்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா?"

"கிண்டல் பண்ணாதிய. நாகூரு தர்காக் கயிறு ஒண்ணு வச்சிருக்கேன். வண்டில கட்டுங்களேன்."

"கயிறு கட்டித்தான் அச்சு நிக்கும்னா நான் எதுக்கு இங்க கருகிச் சாவுறேன்? போ தங்கச்சி. பழைய ஷாஃப்ட் மெலிசு, எஞ்சின் முரடு. முதல்ல முறிஞ்சது அச்சு. அது உதறுன உதறுல நட்டு தெறிச்சிருக்கு. எவனும் கழட்டல. குழு முன்னாடி நானே நிரூபிச்சுக் காட்டுறேன்."

"மச்சான் உங்களத்தான் நம்பியிருக்காங்க."

அன்று புதன்கிழமை. அவள் போனதும் அவன் காரின் அடியில் ஊர்ந்து பழைய அச்சைக் கழற்ற ஆரம்பித்தான். வலது பக்கத்து நட்டுகள் அப்படியே இருந்தன. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரை வைத்து அரைச் சுற்று திருப்பினான். பிறகு ஸ்பானர் தேவைப்படவில்லை. நட்டு விரலிலேயே கிறுகிறுவென்று சுற்றியது. நுனியைப் பிடித்து இழுத்தான். மரையெல்லாம் உராய்ந்து இரும்புத்தூளாக உதிர, நட்டு கையோடு வந்துவிட்டது.

வெளிச்சத்துக்கு வந்து பார்த்தான். போல்ட்டு பன்னிரண்டு மில்லிமீட்டர். நட்டு அரை அங்குலம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஏறும்போது சுலபமாக ஏறும், இறுக்கும்போது இறுகியதுபோல நடிக்கும். இரண்டுக்கும் ஒரே ஸ்பானர்தான்.

அந்த யூ போல்ட்டுகளை இரண்டு மாதத்துக்கு முன் கம்பியை வளைத்துச் செய்தவன் கஸ்தோன். மரை போட்டது பிரெஞ்சுப் பட்டறையில் இருந்து அவன் கொண்டுவந்த, மில்லிமீட்டர் மரை வெட்டும் டைக் கருவியில். ஆட்சி மாறியதும் பிரெஞ்சுப் பட்டறையையும் அமெரிக்கப் பட்டறையையும் ஒன்றாக்கி, மில்லிமீட்டர் நட்டுகளையும் அங்குல நட்டுகளையும் ஒரே டப்பாவில் கொட்டியிருந்தார்கள். அந்த டப்பாவில் கைவிட்டு எட்டு நட்டு எடுத்தவனும் அவனே.

மெலிந்த ஷாஃப்ட் பதினெட்டு வருடம் தாங்கியது. நட்டுகள் மரை உராய்ந்து கழன்று, கட்டு விட்டு, அச்சு துள்ளியதால்தான் அது முறிந்தது.

அன்று கஸ்தோன் வீட்டுக்கென்று கிளம்பினான், ஆற்றங்கரை வரை நடந்துபோய் மறுபடியும் பட்டறைக்கே திரும்பினான். மறுநாள் வெட்டினான், அறுத்தான், வெல்டிங் வைத்தான். நட்டு சட்டைப்பையில் கிடந்து குத்தியது. இப்போதே சொன்னால் உடனே வேலையிலிருந்து தூக்கிவிடுவார்கள், அச்சு அரைகுறையாக நின்றுவிடும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். அது உண்மையும்தான். பயம் என்பதும் உண்மைதான். வியாழன் மதியம் ஜுலைகா வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல், "வெல்டிங் வெளிச்சம், கண்ணு போயிரும். தூரமா நில்லு" என்றான்.

வெள்ளிக்கிழமை புது அச்சு ஏறியது. இந்த முறை ஒவ்வொரு நட்டையும் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தே போட்டான்.

சனிக்கிழமை குழு கூடியது. தலைவர் தோழர் லோக் நல்ல மனிதர், ஆனால் வம்புக்கு அஞ்சுபவர். உள்ளே நுழையும் முன் கஸ்தோனை ஓரமாக இழுத்தார்.

"அச்சு பலவீனம்னு மட்டும் சொல்லு. ஆலத்துக்குத் தண்டனை கொஞ்சம் குறையும். அதுக்கு மேல யாரும் எதுவும் செய்ய முடியாது."

"செய்யாத குத்தத்துக்குக் குறைஞ்ச தண்டனை. அதுதான் நம்ம நியாயமா, தோழர்?"

உள்ளே போய் மேசைமீது போல்ட்டையும் நட்டையும் வைத்தான்.

"ஒரு விரலால சுத்திப் பாருங்க."

லோக் சுற்றினார். நட்டு வழுக்கிக்கொண்டு கீழே விழுந்து உருண்டது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"இதை மாட்டுனது யாரு?"

"நான். அளவு தப்பா மாட்டிட்டேன். யாரும் எதையும் கழட்டல. கேமராக்காரர் கால் முறிஞ்சதும் என்னாலதான். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்."

"நாசவேலையா?"

"நாசவேலைன்னா உங்களுக்கு வசதியா இருக்கும். இது கவனக்குறைவு."

ஒரு மணி நேரம் கத்தினார்கள். கஸ்தோனும் கத்தினான். ஒரே டப்பாவில் கொட்டச் சொன்ன உத்தரவைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பார்த்து எடுக்க வேண்டிய கண் தன்னுடையது என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. கடைசியில் கஸ்தோனைத் தலைமை மெக்கானிக் வேலையிலிருந்து இறக்கிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். முதல் வேலை, அந்த டப்பாவிலிருந்த நட்டுகளை அங்குலம் வேறு, மில்லிமீட்டர் வேறு என்று பிரிப்பது.

திங்கள்கிழமை ஆலம் விடுதலையாகி வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. படக்காரர்கள் காருக்கு முன் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் நேரே கிடங்குக்கு வந்தான்.

"எப்ப கண்டுபிடிச்சிய, நானா?"

நேற்று முன்தினம் என்று சொல்லியிருக்கலாம். "புதன்கிழமை," என்றான் கஸ்தோன்.

ஆலம் விரல் விட்டு எண்ணினான். "மூணு நாளு. அங்க மூணு நாளுன்னா எவ்ளோ நீளம் தெரியுமா?"

கஸ்தோன் குனிந்து, கையிலிருந்த நட்டில் அளவுகோலை வைத்தான்.

"அந்த அளவுகோலக் கொடுங்க."

ஆலம் அதை வாங்கிக்கொண்டு போய், ஊதுபத்திப் புகைக்கு நடுவே மல்லாந்து படுத்து, காரின் அடியில் நுழைந்தான். ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, அளந்து, மறுபடி பூட்டினான். எட்டும் முடிய அரைமணி ஆயிற்று. டைரக்டர் கடிகாரத்தைக் காட்டிக் கூச்சலிட்டார். அவன் எழுந்திருக்கவில்லை. கிடங்கு வாசலில் கஸ்தோன் பிரிக்க வேண்டிய நட்டுகளை மறந்து, அவனோடு சேர்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றான்.

எட்டாவது நட்டு இறுகியது. ஆலம் வெளியே வந்து, அளவுகோலைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டான். சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டு மிதித்தான். பின்சக்கரங்கள் புழுதியை வாரி இறைத்தன. அச்சு அசையவில்லை.