ஜெரால்டுக்குத் தரவேண்டிய பதினெட்டாயிரம்

மணவாளன் ஜெரால்டுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. வட்டி பேசாத கைமாற்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மணவாளனைத் தெரியாதவன் ஊருக்குப் புதியவனாகத்தான் இருக்கவேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இரும்பு சுமந்த தோளை வைத்தே மூன்று லாரி வாங்கியவர். படித்தவன் ஒருவன் அந்தத் தோளோடு போட்டி போடட்டும் பார்க்கலாம். "எவன்கிட்டயும் எனக்கு ஒத்த ரூபா பாக்கி கெடையாது" என்று டீக்கடையில் அவர் உரக்கச் சொன்னால் எதிர்ப்பேச்சு வராது. ஆனால் சொல்லி முடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் டீயை ஊற்றி விழுங்கிவிடுவார்.

முதல் லாரிக்குத் தவணை தவறி, பைனான்ஸ்காரன் வண்டியை இழுத்துக்கொண்டு போனது 2016-ல். அன்றைக்குப் பெரிய மனிதர்கள் ஒருவரும் போனை எடுக்கவில்லை. இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்த ஜெரால்டுதான், சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தான்.

"மெதுவா குடு அண்ணே. டப்பு எங்க ஓடிடப் போவுது?"

டப்பு ஓடவில்லை. ஜெரால்டுதான் போனான். அந்த ஐப்பசியில் ஷிப்ட் இல்லாத ஒரு நாள், மச்சானுடைய படகில் மீன்பிடிக்கப் போனவன். கோரைக்குப்பத்துக்கு நேரே கடலில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஜெரால்டு வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

லாரி திரும்பி ஓட ஆரம்பித்து, மணவாளன் பணத்தைப் புரட்டிய வாரத்திலேயே அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இறந்துபோனவனின் கடனுக்காக வங்கி வாசலில் வெயிலில் நின்று நோட்டு மாற்றியவர் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மாற்றிய பணத்தைக் கவரில் போட்டு, மீஞ்சூரில் ஜெரால்டின் மனைவி சாராளிடம் கொண்டுபோய் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவரு குடுத்தது. அவரே வந்து வாங்கிக்குவாரு அண்ணே."

மணவாளனுக்குப் புரிந்தது. அந்தப் பணத்தை வாங்கினால் அவள் தன் கையாலேயே புருஷன்மேல் மண் தள்ளியதாகும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறவள் அவள். மீன் குழம்பு வைத்தால் ஒரு தட்டு தனியாக மூடி வைக்கிறவள். காணாமல் போனவர் இறந்ததாகச் சான்றிதழ் கேட்க ஏழு வருஷம் ஆகும் என்றார்கள். ஏழும் கடந்தது. அவள் அந்த ஆபீஸ் வாசலையே மிதிக்கவில்லை.

மணவாளன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கவரோடு போவார், கவரோடு திரும்புவார். கண்ணை மூடுவதற்குள் அந்தப் பணம் அவள் கைக்குப் போகவேண்டும், இல்லையென்றால் தான் சம்பாதித்ததெல்லாம் திருட்டுச் சொத்து என்று அவர் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. விடியற்காலை ஷெட்டுக்குப் போனால் முதல் லாரியின் கதவுக்குக் கீழே, கால் வைத்த மாதிரி இரண்டு இடத்தில் ஈரம்.

"ரேடியேட்டர் தண்ணி மொதலாளி" என்றான் டிரைவர் அன்பு.

மணவாளன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "ரேடியேட்டர் தண்ணி உப்பு கரிக்குமாடா?"

அன்பு அதற்குப் பிறகு அந்த வண்டியில் தனியாக ஏறவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஜெரால்டின் மகள் ஏஞ்சல் வந்து நின்றாள். பதினாறு வயது. பழவேற்காட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரை கடலில் நீந்தப்போகிறாள். கடலில் போய், உடல் கிடைக்காதவர்களின் குடும்பத்துக்குப் பணம் திரட்ட. சான்றிதழ் வரும் வரைக்கும் அவர்களுக்கு அரசாங்க உதவியும் கிடையாது, வீட்டில் அழவும் வழி கிடையாது என்றாள்.

"கூட வர ஒரு படகு வேணும் பெரிப்பா."

"ஒண்ணு இன்னாத்துக்கு? ரெண்டு எட்த்துக்கோ. கிலோமீட்டருக்கு ஆயிரம் ரூபா என் கணக்கு. சிப்காட்ல எந்த மொதலாளி எனக்கு மேல குடுக்கறான்னு பாக்கறேன்!"

சொல்லிவிட்டார். அந்த வழியில் கோரைக்குப்பம் வரும் என்பது பிறகுதான் நெஞ்சில் உறைத்தது.

மாசி மாதம், கடல் அடங்கியிருந்த ஒரு காலையில் ஏஞ்சல் இறங்கினாள். படகில் மணவாளன், சாராள், நீச்சல் கற்றுக்கொடுக்கும் ஜெனிபர். அன்பு மீனவக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் மோட்டாரைப் பிடித்திருந்தான். ஜெனிபர் விதியைச் சொன்னாள்: நீந்துகிற பெண் படகைத் தொடக்கூடாது, படகிலிருந்து யாரும் அவளைத் தொடக்கூடாது. தொட்டால் நீந்தியதெல்லாம் வீண். குடிக்கிற பாட்டிலைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் வீச வேண்டும்.

அன்பு தன் பங்குக்கு இன்னொரு விதி சொன்னான்.

"கோரக்குப்பம் தாண்டற வரிக்கும் அவரு பேர யாரும் எடுக்காதீங்க. பொணம் கெடைக்காதவன் பேர தண்ணி மேல சொல்லக் கூடாது. சொன்னா, கூப்ட்டதா நெனச்சுக்கும்."

"போடா, உன் பேஜாரு வேற" என்றார் மணவாளன். ஆனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

சாராள் மகளின் கைகள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோரைக்குப்பத்துக் கோயில் கோபுரம் கரையில் தெரிந்தபோது காற்று நின்றது. தண்ணீர் எண்ணெய் மாதிரி வழவழத்துக் கிடந்தது. ஏஞ்சலின் கை ஒரு சுற்றுத் தப்பியது. காலைப் பிடித்துக்கொண்டாள், தசைப்பிடிப்பு. தலை உள்ளே போனது. வந்தது. மறுபடி போனது.

மணவாளன் எழுந்தார். அவள் பெயரைத்தான் கூப்பிட வாயைத் திறந்தார்.

"ஜெரால்டு!"

மோட்டாரே அவிந்த மாதிரி இருந்தது. அன்பு நாக்கைக் கடித்துக்கொண்டான். "இன்னா மொதலாளி இப்டி பண்ணிட்டீங்க..."

ஏஞ்சலின் தலை மேலே வந்தது. கரைப்பக்கம் பார்க்கவில்லை, படகையும் பார்க்கவில்லை. கிழக்கே திரும்பினாள். ஒன்றுமில்லாத நடுக்கடலைப் பார்த்து நீந்த ஆரம்பித்தாள். காலில் வலியே இல்லாதவள்போல, முன்னைவிட வேகமாக.

ஜெனிபர் விசில் ஊதினாள். பெண் திரும்பவில்லை. ஏஞ்சல், ஏஞ்சல் என்று கத்தினாள். திரும்பவில்லை.

"தூக்கிடலாமா? நீச்சல் போனா போவுது!" என்றார் மணவாளன்.

அன்பு படகைத் திருப்பினான். அதற்குள் சாராள் முன்பக்கத்து விளிம்பில் ஏறி நின்றாள். எட்டு வருஷமாக மெதுவாகவே பேசிப் பழகிய தொண்டை அது. கிழிந்த துணி மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏய்! எங்கடி போற? அங்க இன்னாடி இருக்குது? உங்கப்பன் அங்க இல்ல! போய்ட்டாருடி... செத்துப் போய்ட்டாரு! கேக்குதா? செத்துட்டாரு! நீ இந்தாண்ட வாடி!"

சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு படகின் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணவாளன் அவளைப் பார்க்கத் துணியாமல் தண்ணீரைப் பார்த்தார்.

தண்ணீரில் ஏஞ்சல் நின்றிருந்தாள். மிதந்தபடி ஒரு முறை கிழக்கே பார்த்தாள். பிறகு தெற்கே முகத்தைத் திருப்பிக் கையை வீசினாள். அதற்குப் பிறகு அவள் நிற்கவேயில்லை.

காட்டுப்பள்ளிக் கரையில் சிப்காட் ஆட்கள் விசிலடித்தார்கள். மாலை போட்டார்கள். ஏஞ்சலுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. சாராள் அவளைத் துண்டால் சுற்றி மணலில் உட்காரவைத்தாள்.

மணவாளன் பக்கத்தில் குந்தினார். "மன்னிச்சுக்கோ கண்ணு. வாய் தவறி உங்கப்பன் பேரச் சொல்லிட்டேன். அதக் கேட்டுத்தான் திரும்பினியா?"

"நீ கூப்ட்டது எனக்கு கேக்கல பெரிப்பா." அவள் பற்கள் அடித்துக்கொண்டன. "பதில்தான் கேட்டுது. அந்தாண்டேர்ந்து. 'இன்னா அண்ணே'ன்னு."

மணவாளன் மணலில் கை ஊன்றிக்கொண்டார். அப்பன் போனபோது ஏஞ்சலுக்கு எட்டு வயது. ஜெரால்டு தன்னை எந்தத் தொனியில் கூப்பிடுவான் என்பது அவளுக்கு நினைவிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவள் சொன்னது அதே தொனி.

சாராள் கடலைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அவரு பணத்தக் கேட்டுக்கினுதான் நிக்கறாரு அண்ணே. நாந்தான் வாங்க உடல. போனவருக்குப் பாக்கி வெக்கக் கூடாது. குடுத்துடுங்க."

வலது கையை நீட்டினாள்.

அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் இடுப்பில் வைத்திருக்கும் கவரை மணவாளன் எடுத்தார். "நான் மேல போட்டுத் தரேன் சாராளு. எட்டு வருசம். மூணு லாரி ஓடுது எனக்கு..."

"அவரு குடுத்தது இன்னாவோ, அது மட்டும்."

மணவாளன் கவரைப் பிரித்தார். கூட்டம் கொஞ்சம் விலகி நின்றது. உப்புத் தண்ணீரில் ஊறிய அந்த உள்ளங்கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். ஒவ்வொரு தாளும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசித் தாளையும் வைத்தார்.

சாராள் விரல்களை மடக்கவில்லை. அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல், உள்ளங்கையைக் கடல் பக்கமாக விரித்தே வைத்திருந்தாள்.