சென்னைக்குப் பாண்டிச்சேரி வழியாக

திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில், வெளியூர்க் கால்களை ஆபரேட்டர் கையால் இணைக்கும் டிரங்க் போர்டில் ஒவ்வொரு லைனுக்கு அடியிலும் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. சென்னைக்கு நேராகப் போகும் லைனுக்குக் கீழே அன்று ஒன்றுகூட இல்லை. பாண்டிச்சேரி லைனுக்குக் கீழே ஏழு. எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். செய்தியைப் போனில் சொல்வதற்காக வாரத்தில் நான்கு நாளாவது அங்கே காத்துக் கிடப்பேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது தொழில் பழக்கம். கோடுகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

கோடு போடச் சொன்னவர் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்துபோன தொலைபேசித் துறை இன்ஜினியர். விழுப்புரம் பக்கம் கெடார் ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஸ்டாப்வாட்ச், கையில் நீளமான நோட்டு. மதிய இடைவேளையில், வேர்க்கடலை வியாபாரம் நடக்கும் மல்லாட்டை மண்டியின் பின்சுவரோரம் குந்தியிருப்பார். வெல்லத் துண்டை வைத்துவிட்டு, எறும்புச் சாரியின் நடுவே ஒரு செங்கல்லையும் வைப்பார். எறும்புகள் சுற்றுவழியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று எழுதுவார். அரசாங்க அதிகாரி ஒருவர் வெயிலில் எறும்பு பார்க்கிறார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அந்தச் சுவருக்கு மறுபுறம்தான் வியாபாரிகள் விலை பேசும் அறை இருந்தது.

நேரிலேயே கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது.

"எறும்புக்கு மேஸ்திரி கிடையாதுங்க. முன்னாடி போனது வாசனையை வுட்டுட்டுப் போவுது, பின்னாடி வர்றது அதைப் புடிச்சிக்கினு போவுது. யாரும் போகாத வழியில வாசனை காஞ்சிடும். இங்க கோடுதான் வாசனை. சீக்கிரம் கெடச்ச லைனுக்கு ஆபரேட்டர் ஒரு கோடு போடணும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எல்லா லைன்லயும் ஒரு கோட்டை அழிக்கணும். கோடு அதிகமா இருக்கற பக்கமா அடுத்த போன் காலை அனுப்பணும். அவ்ளோதாங்க."

ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். ஆறு மாதப் பதிவுகள் தேவை, மூன்று மாதம் முடிந்திருந்தது. "இன்னும் மூணு மாசம் யாரும் கலைக்காம இருந்தா போதுங்க. நடுவுல நின்னுட்டா அத்தனையும் வேஸ்ட்டு" என்றார்.

மண்டிக்காரர் ஒருவர் வேறு விதமாகச் சொன்னார். "இன்னா நிருபரே, எறும்புக் கதைய நீயும் நம்பிக்கினு இருக்கியா? விழுப்புரத்துல ரேட்டு கேட்டுட்டு நான் போனை வெக்கறதுக்குள்ள எதிர்க்கடைக்காரனுக்குத் தெரிஞ்சிடுது. யார் போனை ஒட்டுக்கேக்கணும்ன்றதுக்கு அடையாளம்யா அந்தக் கோடு." எதிர்க்கடைக்காரருக்கும் விழுப்புரத்தில் ஆள் உண்டு, அவரும் போன் செய்து விலை கேட்பார் என்பது எனக்குத் தெரியும். ஒரு நடை போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை. அந்தச் செய்தி எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

மறுநாள் எழுதி எடுத்துக்கொண்டு போய், சென்னை அலுவலகத்துக்குக் கால் பதிவு செய்தேன். அவரைப் பற்றிய செய்தியை அனுப்பவும் எனக்கு அந்த நிலையத்தை விட்டால் வேறு வழியில்லை. வழக்கமாக இரண்டு மணி நேரம் ஆகும். அன்று பதினோராவது நிமிடத்தில் ஆபரேட்டர் அக்கா கூப்பிட்டார்: "ஜல்தி வாங்கண்ணே, பாண்டிச்சேரி வழியாப் புடிச்சிட்டேன்."

டிரங்க் காலில் செய்தி சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். 'மர்மக் குறிகள்', 'ஒட்டுக்கேட்பு' என்ற சொற்களை இரண்டிரண்டு முறை சொன்னேன். இன்ஜினியர் போர்டுக்குப் பக்கத்தில் நின்று ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், தனக்குள் சிரித்துக்கொண்டார். அதைக் குற்றவாளியின் சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

செய்தி வந்தது, விசாரணையும் வந்தது. ஒட்டுக்கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனால் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் போர்டில் குறியிட்டது குற்றமாயிற்று. நோட்டுகளை எடுத்துக்கொண்டு, அவரை வட மாநிலம் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

அடுத்த வாரம் போனபோது போர்டு சுத்தமாக இருந்தது. "தொடச்சிட்டாங்கண்ணே. இனிமே பழைய மாதிரிதான், உக்காருங்க" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னிக்கி உங்க கால் பதினோரு நிமிஷத்துல கெடச்சிச்சே, அதான் இதுவரைக்கும் ஃபாஸ்ட்டுன்னு சாருக்கு ஒரே குஷி."

"நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்குமா?"

"ரெண்டடி தூரத்துல நின்னாரு. நீங்க கத்தின கத்துக்கு பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும். அவரு போர்டுல வயரைப் புடுங்கியிருந்தா, லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சிக்கினு நீங்களும் போயிருப்பீங்க."

இன்று போனிலும் இணையத்திலும் ஒரு வழி அடைபட்டால் தகவல் தானாகவே இன்னொரு வழியில் போகிறது. அதற்கு எறும்பிடமிருந்து கற்ற முறையும் ஒன்று உண்டு என்று படிக்கும்போதெல்லாம் பெயர்களைத் தேடிப் பார்ப்பேன். அவர் பெயர் இருந்ததில்லை.

அக்கா அதைச் சொன்ன அன்றைக்கே நான்கு வரியில் ஒரு திருத்தம் எழுதி, சென்னைக்குக் கால் பதிவு செய்தேன். லைன் கிடைக்கவில்லை. வேறு வழியாகப் பிடிக்கட்டுமா என்று அக்கா கேட்கவில்லை, பிடியுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த டிரங்க் காலை ரத்து செய்துவிட்டு வெளியே வந்தேன். கிடைக்காமல் போனதில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.